வாசலிலிருந்து மூன்றாவது பாத்தி

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு, அன்போடும் அதைவிட ஒரு பிடி கூடுதலான பயத்தோடும் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக மற்ற உறுப்புகள் அனைத்தும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் ரத்த அழுத்தமும், வீட்டு ஜன்னலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரை முறைக்கும் தங்கள் பூனையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற முதல் தேதிக்கு என் கட்டில், பீரோ, நான்கு பெட்டி புத்தகம் எல்லாவற்றோடும் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருவதற்காகத் தாங்கள் சொல்லிவைத்திருக்கும் வண்டியைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் வரவில்லை. இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் தாங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன், கடைசியில் பார்த்தால் எதற்கோ சம்மதம் சொல்லியிருப்பேன். அறுபத்தேழு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில்தான் எனக்கு முழுசாகப் பேச வாய்ப்பு, அதனால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

தாங்கள் போட்ட நிபந்தனை வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தபோது என் குரல் கரகரத்தது. "ஏண்டா, சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டீர்கள். "இல்லக்கா, செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இப்பத்தான் வாயைத் திறக்கிறேன்" என்று உளறிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டீர்கள். "அவ போனதுக்கப்புறம் நீ மனுஷனா இல்லடா. ஒரு நாள் முழுக்க நீ கதவைத் திறக்கலைன்னா, என்னாச்சுன்னு தட்டிப் பார்க்க அந்தக் கட்டடத்துல ஒரு ஜீவன் இருக்கா? இருந்தா அங்கயே கிட. இல்லைன்னா நான் வண்டி அனுப்புறேன்." நான்கு மாதத் தவணை. அன்றைய தேதிக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் பெட்டி கட்டியிருக்க வேண்டும். ஒரு ஜீவன்கூட இல்லை. இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனசும் இல்லை. இது என் மனைவி பார்த்து வைத்த வீடு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னாள், குடிவருவதற்குத்தான் அவள் இருக்கவில்லை. மரியாதையாக 'தாங்கள்' என்று ஆரம்பித்தேன், இந்த இடத்துக்கு மேல் அது வர மாட்டேன் என்கிறது, 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜீவனே இல்லை என்று சொன்னதும் முழு உண்மை இல்லை. கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா உண்டு. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவர். விடிந்தும் விடியாததுமாக அந்த மெஷின் கடகடவென்று என் கட்டில் காலுக்கு நேர் கீழே ஓடும். வந்த மூன்றாம் நாளே நான் புகார் எழுதி மாடிப்படி நோட்டீஸ் போர்டில் குத்தினேன். பதிலுக்கு அவர், மேல்வீட்டுக்காரர் பால்கனியைக் கழுவுகிற அழுக்குத் தண்ணீர் தம் ஜன்னலில் காயும் வெள்ளைத் துணிகள் மேல் சொட்டுகிறது என்று குத்தினார். நான் ஒரு வரைபடம் போட்டு, பால்கனியின் சாய்வுப்படி தண்ணீர் அந்தப் பக்கம் போகவே போகாது என்று நிரூபித்தேன். அவர் ஈரமான ஒரு சட்டைக்கையையே போர்டில் குத்திவைத்தார். அதோடு பேச்சுவார்த்தை அடியோடு நின்றது. இதில் முதல் மாடிப் பல் டாக்டர்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். கட்டடச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். யார் என்ன கத்தினாலும் "கொஞ்சம்தான், இதோ முடிஞ்சிடும்" என்று பல் பிடுங்கும்போது சொல்வதுபோலவே சொல்வார்.

அந்த டாக்டருக்குத்தான் இந்தத் தோட்ட யோசனை உதித்தது. கட்டடத்தின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு காலி இடம். உடைந்த நாற்காலியும் பழைய டயரும் கிடந்த இடம். அதைச் சுத்தம் பண்ணி, ஒரே வரிசையாக எட்டுப் பாத்தி கட்டி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு சின்னக் குழாய் வைத்து, கேட்ட வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்தார். அறுவடைக்குப் 'பங்கு மேசை' என்று ஒன்று. விளைந்ததை எல்லோரும் அந்த மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். தன் பாத்தியில் விளைந்ததைத் தான் எடுக்கக் கூடாது, அடுத்தவர் பாத்தியில் விளைந்ததைத்தான் எடுக்கலாம். இது டாக்டர் வைத்த விதி, இதை மறந்துவிடாதே, பின்னால் வரும். நான் போய் அவரிடம் இன்னொரு விதியும் சேர்க்கச் சொன்னேன். தனக்கு ஒதுக்கிய பாத்தியைத் தொடர்ந்து இரண்டு மாதம் கவனிக்காதவரிடமிருந்து பாத்தி பிடுங்கப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்குத் தரப்படும். நானே என் கையால் அழகாக எழுதிக் கொடுத்தேன். யாரை மனசில் வைத்து எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் தைக்கிற அம்மாளுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எங்கே நேரம் இருக்கப் போகிறது என்று ஒரு கணக்கு. நல்ல புத்தி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

போர்டில் பட்டியல் போட்டார்கள். வாசலிலிருந்து மூன்றாவது பாத்தி எனக்கு. ஆறாவது தையல்காரம்மாவுக்கு. நம்பர்ப் பலகை அடிக்கக் கொடுத்திருக்கிறது, அறுவடைக்குள் வந்துவிடும், அதுவரை எண்ணிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். தோட்டத்துக்கு இரண்டு கதவு. தெருப்பக்கம் ஒன்று, குப்பைத்தொட்டிப் பக்கம் ஒன்று. தெருப்பக்கக் கதவு அந்த அம்மாளின் சமையலறை ஜன்னலை ஒட்டியது. காலங்காத்தாலே அந்த முகத்தில் விழிப்பானேன் என்று நான் குப்பைத்தொட்டிப் பக்கமாகவே போனேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மண்வெட்டியைப் போட்டேன்.

அக்கா, இங்கேயே உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு அப்போது வரவில்லை. நான் யார்? முப்பத்துநாலு வருஷம் சர்வேயர். மலையடிவாரத்தில் தொடங்கி ஆற்றங்கரை வரை ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவன், அண்ணன் தம்பி வெட்டுக்குத்தையெல்லாம் ஒரு கல் நட்டுத் தீர்த்துவைத்தவன். இந்தக் கட்டடத்தில் என் பெயரே 'இன்ச் டேப்'தான், முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட நான் தக்காளி நட்டேன், ஓரத்தில் முள்ளங்கி போட்டேன், தினமும் காலை ஆறு மணிக்குப் போய்த் தண்ணீர் விட்டேன். தையல்காரம்மா சாயங்காலத்தில் வருவார் போலிருக்கிறது, நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் பாத்தியில் பீன்ஸ் கொடி நாளுக்கு நாள் ஏறுவது தெரிந்தது. என் மூன்றாவதிலிருந்து நேராக எண்ணினால் ஆறாவது. அந்தப் பீன்ஸைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வயிற்றெரிச்சலில் ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் பாத்தியை அளந்தேன். என் பாத்தியைவிட மூன்று அங்குலம் நீளம். விடுவேனா? "ஆறாம் எண் பாத்தி மூன்று அங்குலம் கூடுதலாக உள்ளது, குறைக்கவும்" என்று டாக்டருக்கு எழுதினேன், சர்வேயர் என்று கையெழுத்துப் போட்டு, பதவியையும் கீழே எழுதினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் பாத்தியின் ஓரப்பலகையைத் தள்ளி அடித்திருக்கிறார்கள், ஒரு வரிசை முள்ளங்கி முளையோடு போயே போய்விட்டது. அந்த அம்மாள் பாத்தி அப்படியே நிற்கிறது. டாக்டரிடம் ஓடினேன். "நீங்க எழுதினபடிதான் சார் செஞ்சோம். சர்வேயரே சொல்லும்போது நாங்க எதுக்கு மறுபடி அளக்கணும்?" என்றார் பணிவாக. அது மட்டுமில்லை, மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க பீன்ஸ் பிரமாதம் சார்" என்பார். நான் பீன்ஸே போடவில்லை. மனுஷன் என்னைக் குத்திக்காட்டுகிறார், அந்த அம்மாள் செயலாளரைக் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

இதற்கு மேல் நத்தைகள் வந்தன. தக்காளி இலையை ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாததுபோல் பாத்தி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொல்ல மனசு வரவில்லை, அதனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பீன்ஸ் பாத்தியில் கொண்டுபோய் விட்டேன். இதையும் நல்ல புத்தி இல்லை என்ற கணக்கிலேயே சேர்த்துக்கொள். இரண்டு நாளில் நத்தை மறுபடி என் பாத்தியில். இது அதே நத்தையா, வேறு நத்தையா? அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு பொருள் நகர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், அடையாளம் வைப்பது. எல்லைக்கல்லுக்குப் புள்ளி வைக்கிற சிவப்பு பெயிண்ட் டப்பா ஒன்று பெட்டியில் கிடந்தது. இருப்பதிலேயே பெரிய நத்தையின் ஓட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து பீன்ஸ் பாத்தியில் விட்டேன். மறுநாள் காலை அது என் தக்காளிக்கடியில் உட்கார்ந்திருந்தது. சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் நீலநிறத் தையல் சாக்கட்டியால் ஒரு சின்னக் கோடு.

நான் குடிவந்த எட்டு மாதத்தில் நோட்டீஸ் போர்டைத் தாண்டி அந்த அம்மாள் எனக்கு அனுப்பிய முதல் தகவல் அது. நான் இன்னொரு புள்ளி வைத்தேன். அவர் இன்னொரு கோடு போட்டார். மூன்று வாரம் நடந்தது இந்தப் போக்குவரத்து. நத்தைக்கும் பழகிவிட்டது, கையில் எடுத்தால் தலையை உள்ளே இழுப்பதையே விட்டுவிட்டது. வெளியே சொன்னால் வெட்கம், உன்னிடம் சொல்ல என்ன? காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தக்காளி இல்லை, நத்தை வந்திருக்கிறதா என்பதுதான். வந்திருந்தால் நாள் முழுக்க ஒரு தெம்பு. அவள் போனதற்குப் பிறகு, நாளைக்கு என்ன ஆகும் என்று நான் ஆசையாக எதிர்பார்த்தது இதைத்தான் அக்கா.

போன மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை மழை அடித்து ஊற்றியது. தக்காளி முழுக்கப் பழுக்கிற நேரம். பழைய பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக்கொண்டு ஓடி, செடிக்கு மேல் கட்டி, நானும் நனைந்து தொப்பலாகி வந்தேன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். எழுந்து தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூட முடியவில்லை. போன் சமையலறையில் இருந்தது, நான் கட்டிலில் இருந்தேன், நடுவில் பதினாலு அடி, அந்தப் பதினாலு அடியைக் கடக்க என்னால் முடியவில்லை. உன் கேள்விதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டிப் பார்க்க ஒரு ஜீவன் இருக்கா? கீழே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அந்தச் சத்தம் நிற்கக் கூடாதே என்று படுத்திருந்தேன், பக்கத்தில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது அதனால்தான். பயந்துதான் போயிருந்தேன், மறைக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் மெஷின் நின்றது. நாற்காலியை நகர்த்துகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். படியில் செருப்புச் சத்தம். பிறகு என் கதவில் தட்டுகிற சத்தம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ போய்த் திறந்தேன். தோளில் அளவு நாடா தொங்க அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில், அதற்குள் நத்தை.

"மூணு நாளா இது உங்க பாத்தியிலேயே கிடக்கு. திருப்பி விடலையே, என்ன ஆச்சுன்னு பார்க்க வந்தேன்."

எனக்கு அப்போதும் திமிர் அடங்கவில்லை. "நத்தை ஒண்ணும் என்னோட சொத்து இல்லை" என்றேன். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இது வேறயா" என்றார் அவர். நத்தையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு என்னைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அரை மணியில் பீன்ஸ் வேகவைத்த சூடான சூப் வந்தது. நான் வயிறெரிந்து பார்த்த அதே பீன்ஸ். பிறகு பல் டாக்டரையும் கூட்டிவந்தார். டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிடும், ஆனால் கடைவாய்ப் பல் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றார். அக்கா, யாரோ தட்டினார்கள். எனக்கு அன்றைக்குத் தூக்கத்தில்கூட அதுதான் ஓடியது. சொல்லிக்கொள்ள ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது, இனி வண்டி தேவையில்லை என்று அப்படியொரு நிம்மதி.

நிம்மதியாக இருக்க விட்டார்களா? போன சனிக்கிழமை முதல் பங்கு மேசை. காலையிலேயே டாக்டர் நம்பர்ப் பலகையும் சுத்தியலுமாகத் தோட்டத்தில் நிற்கிறார். எட்டு வீட்டு ஆட்களும் கூடையோடு வந்திருக்கிறார்கள், காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளான மூன்றாம் மாடி டியூஷன் மாஸ்டரும் சும்மா வேடிக்கை பார்ப்பதுபோல் வந்து நிற்கிறார். டாக்டர் என் பலகையைக் கொண்டுபோய்ப் பீன்ஸ் பாத்தியில் அடித்தார். தையல்காரம்மாவின் பலகையை என் தக்காளியில் அடித்தார்.

"டாக்டர், பலகை மாறிப் போச்சு" என்றேன்.

"இல்லையே சார். வாசல்லேருந்து மூணாவது நீங்க."

விடுவேனா? எல்லோர் முன்னிலையிலும் நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கக் கதவுக்குப் போனேன். டாக்டர் தெருப்பக்கக் கதவுக்குப் போனார். இரண்டு பேரும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தோம். ஒன்று. இரண்டு. மூன்று. நான் தக்காளியிடம் நின்றேன். அவர் பீன்ஸிடம் நின்றார். முப்பத்துநாலு வருஷம், எந்த நிலத்துக்குப் போனாலும் சங்கிலியை விரிப்பதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, 'எங்கிருந்து அளக்கணும்?' அந்தக் கேள்வியைச் சொந்தப் பாத்திக்கு மட்டும் கேட்க மறந்திருக்கிறேன்.

"அப்ப நீங்களும் குப்பைத்தொட்டிப் பக்கமாத்தான் வந்தீங்களா?" என்று தையல்காரம்மா என்னைக் கேட்டார்.

"உங்க ஜன்னலைத் தாண்டி வரக் கூடாதுன்னு."

"உங்க பால்கனித் தண்ணி தலையில சொட்டக் கூடாதுன்னு நானும் அந்தப் பக்கமாத்தான்" என்றார்.

புரிகிறதா அக்கா? எட்டுப் பாத்தியில் அந்தக் கோடியிலிருந்து ஆறாவது என்றால் இந்தக் கோடியிலிருந்து மூன்றாவது. ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழிக்கக் கூடாது என்று இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போய், நான் நாலு மாதம் அவர் பாத்திக்கும் அவர் நாலு மாதம் என் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். நத்தையை நான் என் பாத்தியிலேயே விட்டிருக்கிறேன். என் புகாரில் என் முள்ளங்கியே போயிருக்கிறது. அவரும் சளைத்தவரில்லை, மூன்றாம் பாத்திக்காரர் கண்டபடி தண்ணீர் விட்டுப் பாதையைச் சேறாக்குகிறார் என்று அவர் கொடுத்த புகாரில் டாக்டர் மூன்றாம் பாத்திக் குழாயைக் கம்பி சுற்றிக் கட்டிவிட்டார், ஒரு மாதமாக அந்த அம்மாள் வீட்டிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து பீன்ஸுக்கு ஊற்றியிருக்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். டியூஷன் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் கையெழுத்தில் நான் எழுதிய விதியைக் கணீரென்று படித்தார். "தனக்கு ஒதுக்கிய பாத்தியைத் தொடர்ந்து இரண்டு மாதம் கவனிக்காதவர் அதை இழப்பார். இவங்க ரெண்டு பேருமே தங்களுக்கு ஒதுக்கின பாத்தியை நாலு மாசமா ஒருநாள்கூடப் பார்க்கலை. விதி விதிதானே டாக்டர்?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் படித்தது அட்சரம் பிசகாமல் நான் எழுதியது. பாத்தி போனால் நத்தை போய்விடும், நத்தை போனால் கதவு தட்டுவது போய்விடும், முதல் தேதி உன் வண்டி வந்து நிற்கும். பீரோவை எந்த வாட்டத்தில் ஏற்றினால் கண்ணாடி உடையாது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

தையல்காரம்மா கூடையைக் கீழே வைத்தார். "டாக்டர், தன் பாத்தியில விளைஞ்சதைத் தானே எடுத்துக்கக் கூடாது, அடுத்தவங்களுக்குத்தான் கொடுக்கணும்னு விதி வெச்சது நீங்கதானே?"

"நான்தான்."

"நீங்கள்லாம் அதை அறுவடை அன்னைக்குச் செய்றீங்க. நாங்க விதை போட்ட அன்னைக்கே செஞ்சுட்டோம். இதுக்குப் பாத்தியைப் பிடுங்குவீங்களா?"

டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு டியூஷன் மாஸ்டர் தோளில் கை வைத்து, "கொஞ்சம்தான் வலிக்கும் சார், அடுத்த வருஷம் ரெண்டு பாத்தி கூடுதலாக் கட்டறோம்" என்றார். மாஸ்டரும் நல்லவர்தான், அந்தத் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அதற்குத்தான் அவருக்கு மேசையில் முதல் பூசணிக்காய். எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஓரத்தில் ஒதுக்கிப்போட்டிருந்த பழைய டயர் மேல் காலை மடித்து உட்கார்ந்து நாலு தக்காளியைக் கழுவாமலே தின்றேன். பதிவேட்டின்படி அது அந்த அம்மாளின் பாத்தியில் விளைந்த தக்காளி, ஆகவே விதிப்படி நான் தின்னலாம்.

பலகையை மாற்றி அடிக்கட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு இரண்டு பேருமே வேண்டாம் என்றோம். வீட்டுக்குத் திரும்பும்போது அந்த அம்மாள், "ஒண்ணு சொல்றேன் சார், தப்பா நினைக்காதீங்க. அது உங்க பாத்தின்னு தெரிஞ்சிருந்தா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தியிருக்க மாட்டேன்" என்றார். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன் என்றேன். அன்று தெருப்பக்கக் கதவு வழியாகச் சேர்ந்தே வெளியே வந்தோம்.

ஆகவே அக்கா, உன் நிபந்தனையை நான் முழுசாக நிறைவேற்றிவிட்டேன். தட்ட ஆள் இருக்கிறது. மெஷின் சத்தம் இப்போது எனக்கு அலாரம், பால்கனியைத் துணி காயாத நேரமாகப் பார்த்துக் கழுவுகிறேன். வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்காக நீ வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையில் பூனை படுத்துக்கொள்ளட்டும். மாத்திரையை வேளை தவறாமல் போடு, குளியலறையில் அந்த ரப்பர் விரிப்பை இனியாவது போடு. நீ வழுக்கி விழுந்ததைப் பதினொரு நாள் கழித்துச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. உன் மகன் வெளியூரிலிருந்து போன் பண்ணினால் மாமா கேட்டதாகச் சொல். உன் ஆசீர்வாதத்தை வண்டியில் அனுப்பாமல் தபாலில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு, இன்னும் பெட்டி கட்டாத, இனியும் கட்டப் போகாத
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தையல்காரம்மா கதவைத் தட்டினார், கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்க என்னிடம் கல் இருக்கிறதா என்று கேட்க. யாருக்கு சார் இவ்வளவு நீளக் கடிதம் என்றார். பெருமையாக முழுசையும் படித்துக் காட்டினேன். நத்தை வருகிற இடத்தில் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி சார். உங்க அக்கா ஒரு நாள் கதவைத் திறக்கலைன்னா அங்க யார் தட்டுவாங்க?"

"பூனை இருக்கு" என்றேன்.

"பூனை உள்ள இருக்கு சார்" என்றார்.

அந்தப் பதினொரு நாளை நினைத்தேன். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது, அதனால் இதை மட்டும் சேர்க்கிறேன்: வண்டியை வேண்டாம் என்று சொல்லாதே. முதல் தேதிக்கே வரட்டும். ஆனால் இங்கிருந்து எதுவும் ஏறப் போவதில்லை, நீதான் அங்கிருந்து ஏறுகிறாய். நான்கு பெட்டி புத்தகத்தையும் கூடத்துக்கு நகர்த்திவிட்டேன், சின்ன அறை காலி, வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பாத்திக்குக் காத்திருப்போர் பட்டியலில் உன் பெயரையும் கொடுத்திருக்கிறேன், அதுவரை தக்காளியில் பாதி நீ பார்த்துக்கொள். பூனையையும் கொண்டுவா, நத்தையிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளச் சொல்லி வை. எனக்கு ஒரு நிபந்தனை போட்டாய் இல்லையா, உனக்கும் ஒன்று போடுகிறேன். முதல் தேதி மத்தியானத்துக்குள் இங்கே வண்டிச் சத்தம் கேட்கவில்லை என்றால், சாயங்காலத்துக்குள் நானும் அந்த அம்மாளும் வந்து உன் கதவைத் தட்டுவோம்.